துளை இருந்தது

சுற்றுலா போன ஊரில் மழை பிடித்துக்கொண்டால், கணவன் மனைவிக்குள் பேச எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். வெயில் அடித்தால் எதையாவது கைகாட்டி ஒப்பேற்றிவிடலாம். மழையில் ஓட்டல் அறையின் சன்னலும், எதிரே இன்னொரு ஓட்டலின் சன்னலும்தான். நானும் என் மனைவியும் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான், கீழே வரவேற்பு மேசையில் கிடந்த விளம்பரத் தாளை அவள் எடுத்துக்கொண்டு வந்தாள். உங்கள் கையாலேயே வெள்ளி நகை செய்யுங்கள், நீங்கள் செய்ததை நீங்களே அணிந்து செல்லுங்கள் என்று போட்டிருந்தது.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். நேற்று எனக்குப் படித்துக்காட்டிய போலீசு அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. வெடித்த வெள்ளி உருண்டையில் காற்றுத் துளை இடப்படவில்லை, அதைக் கவனிக்கத் தவறியது வகுப்பு நடத்தியவரின் குற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை வைத்து அந்தப் பெண்ணின் பட்டறையைப் பூட்டிவிட்டீர்கள். இனி அவளைச் சிறைக்கும் அனுப்புவீர்கள். அவள் எங்கே போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பிழையான அறிக்கையில் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. என் கையெழுத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் வந்தேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொதிகலன்கள் செய்கிற தொழிற்சாலையில் தரச் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் செய்வார்கள், நான் பார்ப்பேன். பற்றவைத்த மூட்டில் ஊசிமுனை அளவுக்குத் துளை தெரிந்தாலும் சிவப்புச் சாயத்தைப் பூசி ஓரமாகத் தள்ளச் சொல்லிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'சிவப்புச் சாயம்' என்றுதான் பெயர். நான் வருகிறேன் என்றால் தொழிலாளிகள் முகத்தில் ஈயாடாது. அது எனக்குப் பெருமைதான். செய்கிறவர்கள் இந்த உலகத்தில் மலிந்து கிடக்கிறார்கள். கையும் இரண்டு வேளைச் சோறும் இருந்தால் எவனும் எதையாவது செய்துவிடுவான். பார்க்கத் தெரிந்தவன்தான் கிடைப்பதில்லை.

வீட்டிலும் என் கண் சும்மா இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் என் மனைவிக்குத் தையல் பைத்தியம். திரைச்சீலை தைத்துக்கொண்டு வந்து காட்டுவாள். எந்த இடத்தில் தையல் கோணலாக ஓடுகிறது என்று விரலை வைத்துக் காட்டுவேன். பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். மறுபடியும் காட்டுவேன். நாளடைவில் காட்டுவதை நிறுத்தினாள், பிறகு தைப்பதையே நிறுத்திவிட்டாள். வீட்டில் கோணல் குறைந்தது. அதைப் பற்றி எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. எங்களைப் பார்த்து எத்தனையோ பேர் பொறாமைப்பட்டிருக்கிறார்கள்.

விளம்பரத் தாளைப் பார்த்ததும், இதெல்லாம் உனக்குக் கை வராத வேலை, போன இடத்தில் நாலு பேர் சிரிக்கும்படி வைத்துக்கொள்ளாதே என்றேன். அவள் அதற்குள் குடையை எடுத்துவிட்டாள். சரி, பார்க்க ஒரு ஆள் வேண்டுமே என்று நானும் கிளம்பினேன்.

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே மாடியறை. நீளமான மரமேசையில் ஆளுக்கு ஒரு அரைவட்டம் வெட்டி, அதற்குக் கீழே அரம் ராவுகிற பொடி விழுவதற்குத் தோல் கட்டியிருந்தார்கள். நெருப்புக்கு ஆளுக்கு ஒரு செங்கல். ஓரத்தில் மூடி போட்ட பாத்திரத்தில், கறுத்த வெள்ளியை வெளுக்க வைக்கிற அமிலம். வகுப்பு எடுத்தவளுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். முன்கை முழுக்கத் தீப்புள்ளி. கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள், பேச்சின் நடுவில் அதைத்தான் தேடிக்கொண்டும் இருந்தாள். இப்படிப்பட்டவளைத்தான் என் மனைவி வாய்க்கு வாய் டீச்சர் என்று கூப்பிட்டாள்.

எங்களைத் தவிரப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. ஒருவருக்கொருவர் மோதிரம் செய்துகொள்ளப் போகிறார்களாம். ஒருவர் விரலை ஒருவர் அளந்துகொண்டிருந்ததிலேயே அவர்களுக்குப் பாதி வகுப்பு ஓடிவிட்டது. அவர்கள் வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை என்ற சொல்லே அங்கே அதிகம்.

முதல் நாள் மோதிரம். வெள்ளிக் கம்பியை அளவாக வெட்டி வளைத்து, இரண்டு முனையையும் இடைவெளி தெரியாமல் சேர்த்து, பற்றாசுத் துணுக்கு ஒன்றை வைத்து நெருப்புக் காட்ட வேண்டும். பற்றாசு என்பது வெள்ளிக்கு முன்னால் உருகிவிடுகிற கலவை. அது உருகி ஓடி மூட்டை நிரப்புகிற நொடியில் நெருப்பை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வெள்ளியும் சேர்ந்து சரிந்துவிடும். அவள் சொல்வதற்கு முன்பே இதெல்லாம் எனக்குத் தெரியும். மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நான் அவளுடைய எரிவாயுக் குழாயில் மெல்லிய வெடிப்பு இருப்பதைக் காட்டினேன். நன்றி சொல்லிவிட்டு உடனே மாற்றினாள். இதை அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுக்குச் சாதகமாக இருக்கும்.

என்னுடைய மோதிரம் சரிந்துவிட்டது. காரணம் வெளிச்சம்தான். என் இடம் சன்னலை ஒட்டி இருந்தது. சன்னல் வெளிச்சம் நேராக விழுந்தால் வெள்ளி சிவப்பது கண்ணுக்குப் பிடிபடாது. யாராக இருந்தாலும் அங்கே அப்படித்தான் ஆகியிருக்கும். அவள் குனிந்து என் செங்கல்லைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல சார், கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க. எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றாள். என்னைப் போய் எல்லாரோடும் சேர்த்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

என் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு நெருப்பை மோதிரத்தைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனாள். அவசரமும் இல்லை, பயமும் இல்லை. வீட்டில் ஒரு தீக்குச்சி கிழிப்பதற்குள் மூன்றை உடைக்கிறவள் அவள். பற்றாசு பளிச்சென்று ஓடியது, நெருப்பை எடுத்துவிட்டாள். வகுப்புக்காரி மோதிரத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூட்டு எந்த இடத்தில் இருக்கிறதென்று அவளுக்கே தெரியவில்லையாம்.

"உங்களுக்கு நல்ல கைவாகும்மா. இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

என் மனைவி பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி மோதிரத்தை நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். உள்பக்கம் இன்னும் ராவ வேண்டும் என்றேன். எப்போதும் போலத் தலையை ஆட்டிவிட்டு அரத்தை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, வழவழவென்றுதானே இருக்கிறது என்றாள். என் மனைவி மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். கூடப் பிறந்தவள் மாதிரி அந்தப் பெண்ணின் தோளில் கைபோட்டுக்கொண்டு படம் வேறு எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை ஓட்டல் அறையில் மகளோடு வீடியோவில் பேசினாள். கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பிறகு, சட்டைப்பையிலிருந்து நான் எடுத்து மேசையில் வைத்திருந்ததைத் தூக்கிக் காட்டினாள்.

"உங்க அப்பா பண்ணின மோதிரத்தைப் பாருடி. மென்னு துப்பின சூயிங்கம் மாதிரி இருக்கு."

அந்தப் பக்கம் மகள் சிரித்தாள். இந்தப் பக்கம் இவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, கட்டிலில் சரிந்து சிரித்தாள். இத்தனை வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கு இதில் வருத்தமெல்லாம் கிடையாது. பொருள் சரியில்லை என்றால் சரியில்லைதான். ஆனால் சரியில்லை என்று சொல்வதற்கு ஒரு தகுதி வேண்டும். ஒரு நாள் வகுப்பில் அது வந்துவிடாது.

சிரித்து முடித்துவிட்டு அடுத்ததைச் சொன்னாள். ஊருக்குப் போனதும் பின்னறையில் ஒரு மேசை போட்டுக்கொள்ளப் போகிறாளாம். என்னென்ன கருவி வேண்டும் என்று டீச்சர் சொல்லித் தருகிறாளாம். அந்த அறையில் கிடக்கிற அப்பாவின் பழைய குப்பையை மட்டும் அள்ளிப் போட வேண்டுமாம். பழைய குப்பை என்று அவள் சொன்னது என் அளவுகோல்களையும் அழுத்தமானிகளையும். ஓய்வு பெற்றபோது நிர்வாகமே எனக்குக் கொடுத்தது அவை. வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் பூசி வைக்கிறேன். நான் அதே ஓட்டல் அறையில்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசை, நாற்காலியோடு சேர்த்து என்னையும் சாமானாக நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

நன்றாகத் தூங்கினேன். கோபத்தில் இருந்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மறுநாள் வகுப்புக்கு நான் வர மாட்டேன் என்றுதான் என் மனைவியும் வகுப்புக்காரியும் நினைத்தார்கள். வந்தேன். அன்று உள்ளே கூடாக இருக்கிற ஓர் உருண்டைப் பதக்கம். இரண்டு வெள்ளி வட்டங்களைக் குழிக்கட்டையில் வைத்துத் தட்டித் தட்டிக் கிண்ணமாக்கி, இரண்டு கிண்ணத்தையும் வாயோடு வாய் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். பிறகு சங்கிலி கோர்ப்பதற்கு உச்சியில் சின்ன வளையம் ஒன்றை வைத்து இரண்டாம் முறை நெருப்புக் காட்ட வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் நுண்ணிய துளை ஒன்று போட்டே ஆக வேண்டும். மூடிய கூட்டைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக வழி வேண்டுமே. தண்ணீர் இருந்துவிட்டால் இன்னும் மோசம். இதை அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலத் திரும்பத் திரும்பச் சொன்னாள். தானும் சும்மா இருக்கவில்லை. கொண்டையில் பென்சிலோடு ஒரு குண்டூசியும் வைத்திருந்தாள். ஒவ்வொருவர் துளையிலும் அந்த ஊசியை விட்டுப் பார்த்தாள். என் மனைவியின் உருண்டையிலும் விட்டுப் பார்த்தாள். ஊசி போயிற்று. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். துளை இருந்தது.

முதல் பற்றவைப்பு முடிந்து, அமிலத்தில் போட்டு எடுத்து, நீரில் அலசி, துளை கீழே இருக்கும்படி துணிமேல் கவிழ்த்து வைத்தாள் என் மனைவி. உள்ளே போன நீர் வடிய வேண்டும். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்து வளையத்தை வைக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். நான் என் மோதிரத்தை மறுபடி முயற்சி செய்து பார்க்கிறேன், பசியில்லை என்றேன். அவளுக்கு வாயெல்லாம் பல். உட்கார்ந்து பண்ணுங்க சார் என்று கம்பித் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டே போனாள். என் மனைவி படியிறங்கும்போது அவளிடம் எதையோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். சூயிங்கம் என்ற வார்த்தை மட்டும் கேட்டது.

நான் உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். என் தொழில் அது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன், நகத்தால் மூட்டைத் தடவினேன், பூதக்கண்ணாடியில் வைத்துச் சுற்றினேன். வேலையில் இருந்தவரை குறையில்லாத பொருள் என்று ஒன்று என் கைக்கு வந்ததில்லை. அப்படித் தோன்றினால் நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு மறுபடியும் பார்ப்பேன். அன்றும் மறுபடியும் பார்த்தேன். சாப்பிடப் போனவர்கள் திரும்பிவிடுவார்களே என்று மாடிப்படிமேல் ஒரு காதை வைத்துக்கொண்டு பார்த்தேன். அதில் இருந்த ஒரே குறை அந்தத் துளைதான்.

என் மனநிலையை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். என் மனைவிக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. ஒரு நாள் புகழ்ச்சியில் தலைகால் புரியாமல் ஊருக்குப் போய், வீட்டுக்குள் எரிவாயுவும் அமிலமும் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறாள். என்றைக்காவது வீட்டையே கொளுத்திவிடுவாள். அதைவிட, கேட்க ஆள் இருக்கிற இடத்திலேயே அவளுடைய பொருள் ஒன்று கண்ணெதிரே கெட்டுப்போனால், ஆசை அடங்கி, பழையபடி ஆகிவிடுவாள். பொறுப்புள்ள ஒரு கணவன் வேறென்ன நினைப்பான்?

உருண்டையை இலேசாகச் சூடு காட்டி, அலசுகிற கிண்ணத்தில் முக்கினேன். கொஞ்சம் தண்ணீர் குடித்தது. வெளியே துடைத்தேன். பிறகு வெள்ளிக் கம்பித் துண்டு ஒன்றின் முனையை அரத்தால் ராவிக் கூராக்கி, துளையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி இறக்கினேன். மிச்சத்தை வெட்டி, ராவி, மெருகு போடுகிற வழவழப்பான எஃகுக் கோலால் அந்த இடத்தைத் தேய்த்தேன். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அவள் தேய்த்திருந்த கோடுகள் எந்தத் திசையில் ஓடினவோ அதே திசையில் தேய்த்தேன். முந்தின நாள் இருந்த அவசரம் அன்றைக்கு இல்லை. முடித்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கம்பி எங்கே முடிகிறது, கிண்ணம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை என் கையால் ஒரு பொருளை நான் செய்ததில்லை. அந்த உணர்வு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. மகிழ்ச்சியாக இருந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் கணக்கு இதுதான்: சூடு ஏறும், கம்பி பிதுங்கிக்கொண்டு வெளியே வரும், புஸ்ஸென்று ஆவி போகும், மூட்டு விரிசல் விடும், உருண்டை குப்பைக்குப் போகும். என் வேலை மட்டமாக இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். நன்றாக அமைந்துவிட்டதுதான் வினை. கொதிகலன் தொழிற்சாலையில் காலம் தள்ளியவனுக்கு, மூடிய கூட்டில் தண்ணீரை வைத்துச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அது தெரிந்ததற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

எல்லோரும் வந்தார்கள். என் மனைவி உருண்டையை எடுத்து, துளை கீழே இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே செங்கல்லில் வைத்தாள். அடிப்பக்கத்தை அவள் பார்க்கவில்லை. காலையில் டீச்சரே ஊசி விட்டுப் பார்த்தாயிற்றே. உச்சியில் வளையத்தை நிறுத்தி, பற்றாசை வைத்தாள்.

புதுக் கல்யாண ஜோடியை நான் சன்னல் பக்கம் கூப்பிட்டேன். மழை விட்டுவிட்டது, தெருவில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, நின்றால் படம் எடுத்துத் தருகிறேன் என்றேன். ஓடிவந்தார்கள். அந்நியர்களுக்கு ஒரு கீறல் படுவதைக்கூட நான் பொறுத்துக்கொள்கிறவன் இல்லை. வகுப்புக்காரி வழக்கம்போல என் மனைவியின் தோளை ஒட்டி நிற்கப் போனாள். "டீச்சர், இந்த மூட்டு சரியா இருக்கான்னு கொஞ்சம் வந்து பாருங்க" என்றேன். நான் அவளை டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரிசு வாங்கப் போகிற மாதிரி என் மேசைக்கு வந்தாள்.

பாதுகாப்புக் கண்ணாடியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். என் மனைவி போட்டிருந்தாள். தன்னுடைய படிக்கிற கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நெருப்பைப் பற்றவைக்கும்போது அது புகை படிந்த மாதிரி மங்கிவிட்டது. "ஒண்ணும் தெரியலைங்க" என்றாள். கொடு, துடைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பற்றாசு நகர்ந்துவிடும், நீ மெதுவாக ஆரம்பித்துக்கொண்டிரு என்று சொன்னேன். அவள் எப்போதும் நான் சொன்னால் கேட்பாள். என் இடத்துக்கு வந்து நின்று, சட்டை நுனியால் துடைத்தேன். வெடித்த சத்தம் கேட்டபோதும் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அலறல் பற்றி எனக்கு எதுவும் சொல்வதற்கில்லை. எல்லோரும் அலறினார்கள். அந்தப் பெண்தான் ஓடிப்போய் என் மனைவியின் தலையைக் குழாயடியில் பிடித்து, கண்ணில் நீர் ஊற்றி, கீழே சைக்கிள் கடைக்காரனைக் கூப்பிட்டு வண்டி பிடித்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதுவும் தவறு. நான் உடைந்து விழுந்த கீழ்ப்பாதியைத் தேடிக்கொண்டிருந்தேன். கம்பி அதே இடத்தில் அசையாமல் இருந்தது. மேசையில் வைத்துவிட்டேன். அங்கிருந்துதான் நீங்கள் எடுத்துக்கொண்டு போனீர்கள்.

ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கட்டோடு படுத்திருந்தவள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? டீச்சரைப் போலீசு பிடித்துக்கொண்டு போய்விட்டதா என்று. "அந்தப் பொண்ணை ஒண்ணும் பண்ணிடாதீங்கன்னு சொல்லுங்க. ஓட்டையில நான்தான் ஏதோ தப்புப் பண்ணியிருப்பேன்" என்றாள். அந்தப் பெண்ணோ, நீங்கள் காட்டிய கீழ்ப்பாதியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் துளையே போடப்படவில்லை, ஊசி விட்டுப் பார்த்ததாக நினைத்தேன், வேறு யாருடையதையோ பார்த்துவிட்டேன் போலிருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். தொழில் தெரிந்தவளாம். தன் கையால் விட்ட ஊசியையே நம்பத் தெரியாதவள்.

மகள் பறந்துகொண்டு வந்தாள். அம்மாவை இனிமேல் நானே வைத்துக்கொள்கிறேன் என்றாள். நான் சிரித்தேன். கண் தெரியாதவளுக்கு ஓர் அடி எடுத்து வைக்கவும் ஆள் வேண்டும், வாசல் எங்கே, சுவர் எங்கே என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு என்னைவிட ஆள் யார்? பின்னறையும் பழையபடியே இருக்கும். உண்மையில் எங்கள் வாழ்க்கை ஒழுங்காகத்தான் அமைந்துகொண்டு வந்தது.

நேற்று உங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பி மருத்துவமனைக்குப் போனேன். என் மனைவி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். போன கண்ணில் மட்டும் கட்டு. மடியில் வெள்ளிக் கம்பி. மகளிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். விரலாலேயே அளந்து, விரலாலேயே வளைத்து, கண்ணி கண்ணியாகக் கோர்த்துக்கொண்டிருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் நீட்டினாள்.

"பாருங்க, எப்படி இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். சன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒரு கண்ணிக்கும் இன்னொரு கண்ணிக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. கோணலாக இருக்கிறது என்றேன். அவள் கையை நீட்டினாள், கொடுத்தேன். முதல் கண்ணியிலிருந்து கடைசிக் கண்ணி வரை பெருவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள்.

"இல்லீங்க. சரியாத்தான் இருக்கு" என்றாள்.

சண்டைக்குச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த கண்ணியை வளைக்க ஆரம்பித்தாள். நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேனா என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு மகள் வந்து, அப்பா, கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க, அம்மாவுக்கு நிழல் தெரியுது என்றாள்.

அறிக்கையைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். துளை போடப்பட்டிருந்தது. என் மனைவி போட்டாள், வகுப்பு நடத்தியவள் சோதித்தாள், நான் அடைத்தேன், தெரிந்தே அடைத்தேன். கண்ணாடியையும் தெரிந்துதான் வாங்கினேன். இவ்வளவும் நானாகவே சொல்கிறேன், யாரும் வற்புறுத்தவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணை விடுவதற்கு முன்னால், அந்தக் கீழ்ப்பாதியை மறுபடி அவள் கையில் கொடுங்கள். எந்த இடத்தில் கம்பி இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவளே தேடட்டும். தேடிக் கிடைக்காவிட்டால், அதைச் செய்தது நான்தான் என்று சொல்லிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்பதை என் மனைவியின் காதில் விழும்படி ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.